குத்துச் சத்தமும் ஆறு செக்கனும்: வேர்ல்ட் ஒஃப் ராங்க்ஸ் கணினி ஆட்டத்தின் 1.13 அப்டேற்றுக்குப் பிறகு ஒரு நிகழ்வு ஆய்வு

புரொகோரொவ்கா வரைபடம். எங்கள் ரீம் தெற்கில். ஆட்டம் தொடங்கி நாலாவது நிமிசம். என்னுடைய ரி-54 புகையிரதப் பாதை மண்மேட்டை ஒட்டி வடக்கே போகிறது, வேகமானியில் 41. காதுக்குள் எச்சரிக்கை கேட்கிறது. 41, 26, 9, 0. முன்னால் பத்துப் பதினைந்து மீற்றரில் ஆட்லறிச் செல் (பீரங்கிக் குண்டு) விழுந்து புழுதி எழும்புகிறது. எனக்கு ஒரு கீறல் இல்லை. அதற்குப் பிறகும் வேகமானி 0. இன்னும் 0. ஆறு செக்கன் அப்படியே 0. ஏழாவது செக்கனில் இரண்டாவது ஆட்லறியின் செல் கூரையில் விழுகிறது. மேட்டுக்கு மேலால் வந்த எதிரி மிச்சத்தை முடிக்கிறான்.

அந்த ஆறு செக்கனைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று கிழமை எடுத்தது. அதுவரை உலகத்தில் எல்லாரும் குற்றவாளி, நான் மட்டும் இல்லை.

ஆட்டம் வேர்ல்ட் ஒஃப் ராங்க்ஸ், கணினிப் பதிப்பு. பக்கத்துக்கு 15 பேர். செத்தால் திரும்பி வர ஏலாது, அடுத்த ஆட்டந்தான். (ராங்கி என்று எழுதினால் தமிழ்நாட்டு வாசகர் திமிர் என்று விளங்கிக்கொள்வார். எங்களுக்கு அது டாங்கி. ஆங்கிலத்திலோ இரணைமடுக் குளத்துக்கும் இதற்கும் ஒரே சொல். அதையும் பார்க்க எங்கட குழப்பம் சின்னது.) நாங்கள் மூன்று பேர் ஒரு பிளட்டூன். நான் கிளிநொச்சியில் கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன். மச்சான் புதுக்குடியிருப்பு, அவன் ஓட்டுவது பிரித்தானிய செஞ்சூரியன் 7/1. தம்பி, என் சித்தியின் மகன், வவுனியாவில் பிறந்து வளர்ந்தவன். அவனுக்கு ஜேர்மன் ஈ-50. மூன்றும் ஒன்பதாம் அடுக்கு. 2021 மே 21 தொடக்கம் ஜூன் 21 வரை நாடு முழுக்கப் பயணத்தடை, கடைக்குப் பூட்டு. ஒரு மாதம் இரவு பகலாக விளையாடி மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்காமலே பழகிவிட்டோம். தடை தளர்ந்த அந்தக் கிழமைதான் 1.13 வந்தது. நைட் டேட்டா தொடங்கும்வரை விழித்திருந்து இறக்கினேன்.

1.13 என்ன செய்தது என்று தெரியாமல் இந்தக் கதை விளங்காது.

இந்த ஆட்டத்தில் ஆட்லறிக்காரன் மற்றவர்கள் மாதிரி நேருக்கு நேர் நிற்பதில்லை. வரைபடத்தின் பின்மூலையில் இருந்து, வானத்தில் இருந்து பார்க்கிற மாதிரியான காட்சியில் குறி வைப்பான். தன் கண்ணால் அவன் காண்பது குறைவு. அவனுடைய ரீமில் யாராவது உங்களைக் கண்டால் அவனுக்கும் தெரியும். நெடுங்காலமாக விளையாடுகிறவர்களின் பெரிய வயிற்றெரிச்சல் இவன்தான். 2017இல் வந்த 9.18 அப்டேற் ரீமுக்கு மூன்று ஆட்லறிக்கு மேல் வராது என்று கட்டியது. அடியைக் குறைத்து, பதிலாக மயக்கம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. கிட்ட விழுந்தாலே உள்ளே இருக்கிற ஆட்கள் மயங்குவார்கள், செல் ஏற்றுவதும் ஓடுவதும் மந்தமாகும். முதலுதவிப் பெட்டியைப் பாவித்தால் தெளியும்.

1.13 அதற்கு மேல் ஒரு படி போனது. மேலடுக்கு ஆட்லறிகளுக்கு மூன்று வகைச் செல் கொடுத்தது. மயக்கம் வேண்டுமா, துளைக்கிற அடி வேண்டுமா என்று அவன் தெரிந்தெடுக்கவேண்டும். பட்ட இடத்தில் வெடித்துச் சிதறுகிற வெடிசெல்லின் கணக்கையே மாற்றியது. முந்தி வெடிசெல் எங்கே பட்டாலும், அந்த வெடிப்பு வட்டத்துக்குள் உங்கள் ராங்கியின் ஆக மெல்லிய தகடு எது என்று தேடி அங்கே அடிக்கும். முகப்பில் பட்டதற்குக் கூரை அழும். இப்போது பட்ட இடத்துத் தகடு எதுவோ அதுதான் கணக்கு. வேலி, பக்கத் தகரம் மாதிரி மெல்லிய மறைப்புகளைத் துளைத்துப் போகவும் வெடிசெல்லுக்கு ஏலும். எனக்கு இது நீதியான மாற்றம் என்றே பட்டது, இன்றைக்கும் படுகிறது. 152 மில்லிமீற்றர்க் குழலோடு கேவி-2 ஓட்டி, பட்டால் போதும் என்று சுட்டு வாழ்ந்தவர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

கடைசியாக ஒரு சின்ன விசயம். பட்டியலில் அதை வாசித்துவிட்டு நான் தாண்டிப் போனேன்: ஆட்லறிச் செல் உங்களுக்குக் கிட்ட விழப்போகிறது என்றால் முன்கூட்டியே எச்சரிக்கை கேட்கும்.

அந்தக் கிழமையில் இருந்து நான் செத்துக்கொண்டே இருந்தேன்.

முதல் சந்தேகம் அப்டேற்றின் மேல். "ஆட்லறியைக் குறைக்கிறம் எண்டு சொல்லிப் போட்டுக் கூட்டியிருக்கிறாங்கள்" என்று நான் ஒவ்வொரு இரவும் சொன்னேன். மச்சான் ஓம் ஓம் என்றான். தம்பிதான், "அண்ணா, எனக்கு அப்பிடி ஒண்டும் தெரியேல்லையே" என்றான். அதே ரீம், அதே ஆட்லறி, அதே வரைபடம். அவன் கடைசி ஐந்து பேருக்குள் நிற்கிறான், நான் ஐந்தாம் நிமிசம் தாண்டுவதில்லை.

இரண்டாவது சந்தேகம் இணைப்பின் மேல். வன்னியில் இணைய ஆட்டம் ஆடுகிற எவனுக்கும் இது கைக்கு வருகிற முதல் சாட்டு. மழை வந்தால் சிக்னல் விழும், கரண்ட் போனால் ரவுட்டர் சாகும், பின்னேரம் ஆறு மணிக்கு ஊர் முழுக்கப் போனைத் திறந்தால் எல்லாம் இழுபடும். திரையின் மேல் மூலையில் பிங் இலக்கம் எப்போதும் தெரியும். இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டு விளையாடினேன். சாகிற நேரங்களில் அது குதிக்கவே இல்லை. புதுக்குடியிருப்பில் மச்சானுடைய பிங் என்னுடையதைவிட மோசம். அவன் ஆட்லறியால் சாவதே இல்லை. ஆகவே அதுவும் இல்லை.

மூன்றாவதாக ராங்கியைக் குற்றம் சொன்னேன். இதில் கொஞ்சம் உண்மை இருந்தபடியால்தான் இவ்வளவு நாள் ஏமாந்தோம்.

ரி-54இன் முன் உடம்புத் தகடு 100 மில்லிமீற்றர், நிமிர்விலிருந்து 60 பாகை சரிந்தது. நேரே வருகிற செல்லுக்கு அது 200 மில்லிமீற்றர் மாதிரி. தலை உருண்டையானது, படுகிற செல் சறுக்கிப் போகும். இவ்வளவும் நல்லது. கெட்டது என்னவென்றால், குழல் கீழே 5 பாகைதான் குனியும். செஞ்சூரியனுக்கு 10. இந்த வித்தியாசத்தைத் தம்பிக்கு விளங்கப்படுத்த நான் குளக்கட்டைத்தான் எடுத்தேன். கட்டுக்கு வெளிப்புறம், வயல் பக்கம் நிற்கிறாய் என்று நினை. சரிவு 10 பாகை. ராங்கியின் மூக்கு 10 பாகை மேலே பார்க்கும். செஞ்சூரியன் குழலை 10 குனித்தால் கட்டுக்கு மேலால் நேராகத் தண்ணீரைப் பார்க்கும். வெளியே தெரிவது தலை மட்டும், உடம்பு முழுக்கக் கட்டுக்குப் பின்னால். ரி-54 குனியக்கூடிய அளவு குனிந்தாலும் 5 பாகை வானத்தைப் பார்க்கும், கொக்குச் சுடலாம். ஆகவே அது கட்டின் உச்சிக்கு ஏறி உடம்பைக் காட்டியே ஆகவேண்டும்.

புரொகோரொவ்காவின் புகையிரத மேடு அப்படியான கட்டு. எனக்கு அந்த மேடு பிடிக்கும். நான் சின்னனாக இருந்தபோது எங்களுக்குத் தெரிந்த புகையிரதப் பாதையும் வெறும் மேடுதான்: 1990இல் யாழ்தேவி நின்ற பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போய்விட்டன, 2013இல் கிளிநொச்சிக்கு முதல் ரெயின் வந்தபோதுதான் அந்த மேடு எதற்கென்று என் வயதுப் பெடியளுக்குக் கண்ணால் தெரிந்தது. ஆனால் பிடிப்பது வேறு, ரி-54க்குச் சரிவருவது வேறு. மேட்டின் ஓரம் ஊர்ந்து ஊர்ந்து எட்டிப் பார்க்கிற ராங்கி ஆட்லறிக்குத் தட்டில் வைத்த சோறு. சரி, மேட்டை விடுவோம், மேற்குப் பக்க மரவரிசையால் போவோம் என்று முடிவெடுத்தோம்.

மரவரிசையிலும் செத்தேன்.

அங்கேயும் ஒரு நியாயம் தேடினோம். பற்றைக்குப் பின்னால் நின்று சுட்டால், உன்னிலிருந்து 15 மீற்றருக்குள் இருக்கிற பற்றை உன்னை மறைப்பதை விட்டுவிடும். அதற்கு அப்பால் பின்னுக்கு வந்து சுடவேண்டும். எவ்வளவு நல்ல கண்ணுள்ள ராங்கியும் 445 மீற்றருக்கு அப்பால் காணாது. 50 மீற்றருக்குள் வந்தால் எந்தப் பற்றையும் உதவாது. இதெல்லாம் எங்களுக்குத் தண்ணிபட்ட பாடு. நான் பிழை விடவில்லை. 15 மீற்றரும் சரி, இடமும் சரி. என்றாலும் எச்சரிக்கை கேட்டு ஒரு செல் தப்பி, அடுத்த செல்லில் சாவேன்.

"அண்ணா, ரீப்ளேயை அனுப்புங்கோ" என்றான் தம்பி.

இந்த ஆட்டம் ஒவ்வொரு மோதலையும் கோப்பாகச் சேமிக்கும். பிறகு ஆட்டத்துக்குள்ளேயே ஓடவிட்டுப் பார்க்கலாம், நிறுத்தலாம், மெதுவாக்கலாம். ஒரு குறை, ஒரு பதிப்பின் ரீப்ளே அடுத்த பதிப்பில் ஓடாது. ஆகவே 1.13க்கு முந்திய என் ஆட்டங்களோடு ஒப்பிட வழியில்லை. இருந்தது அந்த மூன்று கிழமை மட்டும். மூன்று கோப்பை அனுப்பினேன். மூன்றும் வேறு வரைபடம்.

அடுத்த நாள் அவன் வட்சப்பில் ஒரு தாளின் படம் அனுப்பினான். பள்ளிக்கூடக் கொப்பியில் கிழித்தது. ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் பக்கத்தில் என் வேகம், செக்கனுக்கு ஒரு இலக்கம். மூன்று ஆட்டத்திலும் சேர்த்து ஐந்து எச்சரிக்கை. நாலு வரிசை பூச்சியத்தில் முடிந்து, பூச்சியமாகவே நீண்டிருந்தன. ஐந்தாவதில் நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேன். கீழே எழுதியிருந்தான்: "ஏன் நிக்கிறீங்கள்?"

நான் நிற்கவில்லை என்றுதான் பதில் போட்டேன். நின்ற ஞாபகமே இல்லை. பிறகு நானே ஓடவிட்டுப் பார்த்தேன்.

இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும், தம்பியும் முதலில் பிழையாகத்தான் விளங்கினான். நிற்பது பிழை என்று அவன் சொன்னான். இல்லை. ஓடுகிற ராங்கிக்கு ஆட்லறிக்காரன் அது போகப்போகிற இடத்தில்தான் குண்டு போடுவான். 41இல் போனவன் திடீரென்று நின்றால் செல் முன்னால் விழும். முதல் செல்லுக்கு நிற்பது நல்ல தந்திரம். நாலு தடவையும் முதல் செல் எனக்கு முன்னால் விழுந்தது. நின்ற பிறகு எழும்பாததுதான் சாவு. ஆட்லறியின் குறிவட்டம் மெதுவாகத்தான் சுருங்கும். நின்ற பொருள் கிடைத்தால் இரண்டாவது ஆட்லறிக்காரனுக்கு வட்டம் முழுதாகச் சுருங்க நேரம் கிடைக்கிறது. நான் அவனுக்கு ஆறு செக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் ஆறு?

2009இல் எனக்குப் பதினொரு வயது. குத்துற சத்தம், அதாவது தூரத்தில் செல் ஏவுகிற சத்தம், கேட்டால் படு. இது வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தந்தது. செல்லின் சிதறல் மேலேயும் பக்கவாட்டிலும் போகும், நிலத்தோடு நிலமாகக் கிடந்தால் தலைக்கு மேலால் போய்விடும். அதோடு இரண்டாவது பாடம் ஒன்று இருந்தது. ஒன்று விழுந்தவுடனே எழும்பாதே. அடுத்தது வரும். எண்ணிக்கொண்டு கிட. எத்தனை எண்ண வேண்டும் என்று ஒருவரும் இலக்கம் சொன்னதாக நினைவில்லை. எழும்பு என்று அம்மா முதுகில் தட்டுவா, அப்போதுதான் எழும்புவது.

படுத்திருப்பவனுக்கு அது சரியான பாடம். ராங்கிக்குள் இருப்பவனுக்கு நேர்மாறு. என் விரல் அந்த வித்தியாசத்தைக் கேட்கவில்லை. எச்சரிக்கை வந்ததும், முன்னுக்கு ஓட அழுத்திப் பிடிக்கிற டபிள்யூ விசையை விட்டுவிட்டது. 1.13க்கு முந்தி ஏன் இது நடக்கவில்லை என்பதற்கும் இதே மறுமொழி. முந்தி எச்சரிக்கை இல்லை. செல் விழுந்த பிறகுதான் தெரியும். விழுந்த பிறகு ஓடத்தானே வேண்டும், ஓடினேன். என்னைக் காப்பாற்றக் கொண்டுவந்த சத்தமே என்னை நிற்க வைத்தது. அப்டேற்றின் மேல் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. தம்பிக்கு அதே சத்தம் வெறும் தகவல். கேட்டவுடனே வளைந்து போய்விடுவான். வேறு ஒன்றும் அவனுக்கு அதில் கேட்பதில்லை.

பிறகு மச்சானின் ரீப்ளேயையும் கேட்டு வாங்கினோம். அவன் தர விரும்பவில்லை, தம்பி விடவில்லை. மச்சான் எச்சரிக்கை கேட்டவுடனே பக்கத்தில் இருக்கிற கல்வீட்டுக்குப் பின்னால் போவான். நல்லது. போனவன் வரமாட்டான். ஒரு ஆட்டத்தில் இரண்டரை நிமிசம் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான், செஞ்சூரியனின் பத்துப் பாகையும் வீணாக. கடைசிவரை உயிரோடு இருப்பான், அடித்த சேதம் பூச்சியம். "பங்கருக்குள்ள போனா ஏன்டா வெளிய வாறது" என்று சிரித்தான். அதற்கு மேல் ஒருவரும் கதைக்கவில்லை. அன்றைக்கு அடுத்த ஆட்டம் தொடங்கினோம், அவ்வளவுதான்.

திருத்த என்ன செய்தோம் என்பதை எழுதுகிறேன். இதே பிரச்சினை யாருக்காவது இருந்தால் உதவும். இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

சத்தத்தை நிற்பாட்டிப் பார்த்தேன். ஆட்டம் ஊமையானது, பக்கத்தில் எந்திரச் சத்தம் கேட்காமல் பின்னால் வந்தவனிடம் செத்தேன். அது சரிவரவில்லை. ஒரு நன்மை, அதோடுதான் ஹெட்செற் வாங்கினேன். அதுவரை ஸ்பீக்கரில் விளையாடினேன். அம்மா குசினியில் இருந்து "உந்தச் சத்தத்தைக் குறை" என்று சொன்னது சத்தம் கூடியதால்தான் என்று நினைத்திருந்தேன்.

வேலை செய்தது ஆர் விசை. ஆரை அடுத்தடுத்து அழுத்தினால் ராங்கி படிப்படியாக வேகம் கூடித் தானாகவே ஓடும். கையை எடுத்தாலும் நிற்காது. எஃப் ஒருமுறை அழுத்தினால் ஒரு படி குறையும். ஆகவே திறந்த வெளியைக் கடக்கும்போது டபிள்யூவை மறந்துவிட்டு ஆரில் ஓடவிட்டேன். விரல் செத்தாலும் ராங்கி சாகாது. முதலில் இதில் ஒரு பிழை இருந்தது. ஒரே வேகத்தில் ஒரே நேர்கோட்டில் போனால் ஆட்லறிக்காரனின் கணக்கு சரிவந்துவிடும், முதல் செல்லே படும். ஆகவே எச்சரிக்கை கேட்டால் எஃப் ஒரு தட்டு, மனதுக்குள் இரண்டு எண்ணு, திரும்ப ஆர். வேகம் விழும், ஆனால் பூச்சியத்துக்குப் போகாது. முதல் செல் முன்னால் விழும், இரண்டாவது ஆளுக்கு நின்ற பொருள் கிடையாது. விரலுக்கு விடு என்று சொல்லாமல் தட்டு என்று சொல்வது ஏனோ இலேசாக இருந்தது.

ஆரால் வந்த வினையும் உண்டு. லேக்வில் வரைபடத்தில் ஏரிக் கரையால் ஓடவிட்டு, சின்ன வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கும்போது தண்ணீர் தலைக்கு மேல். எதிரி ஒருவனும் தொடாமல் ராங்கி தாழ்ந்தது. "இரணைமடுக்காரன் ஏரியில தாண்டான்" என்று மச்சான் அந்தக் கிழமை முழுக்கச் சொன்னான்.

மச்சானுக்கு வேறு மருந்து. சுவருக்குப் பின்னால் போன அவனைத் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிடுவான். "மச்சான் அண்ணா, வெளிய வாங்கோ, இப்ப அவங்கள் செல் ஏத்துறாங்கள்." பெரிய ஆட்லறிகளுக்குச் செல் ஏற்ற நெடுநேரம் எடுக்கும், சுட்டு முடித்த அந்த இடைவெளிதான் எங்களுக்கு உரிய நேரம். மச்சான் குரல் கேட்டால் வருவான். குரல் இல்லாவிட்டால் வரமாட்டான். தம்பிக்குப் பரீட்சை வந்த மாதங்களில் அவன் ஆட்டத்துக்கே வரவில்லை.

ஊரில் சிலர், ரி-55இன் தமையனைப் போய் ஏன்டா ஓட்டுகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். ரி-55ஐ இங்கே எல்லாருக்கும் தெரியும், அதன் சங்கிலிச் சத்தம் உட்பட. உருண்டைத் தலை, குறைந்த உயரம், வேகம், ஆட்டத்துக்கு நல்லது என்று சொல்வேன். அது பொய்யில்லை.

கடைசியாகத் தம்பி கேட்டு நான் அனுப்பிய ரீப்ளே திரும்பவும் புரொகோரொவ்கா, அதே மேடு. எச்சரிக்கை கேட்கிறது. 43, 31, 24, 29, 38. முதல் செல் முன்னால். இரண்டாவது எனக்குப் பின்னால், இரண்டு ராங்கி நீளம் தள்ளி. தம்பி கைதட்டுகிற படம் போட்டான். நான் அதை இன்னொருமுறை ஓடவிட்டேன், இந்த முறை வேகமானியைப் பார்க்காமல். ராங்கி மேட்டோரமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. தலை திரும்பவில்லை. குறி, எச்சரிக்கை கேட்ட இடத்தில் எந்தத் திசையைப் பார்த்ததோ அந்தத் திசையிலேயே, ஒரு வெறும் வயலுக்கு மேலால், அசையாமல் நிற்கிறது. எண்ணிப் பார்த்தேன். ஆறு செக்கன்.